வெறிநாய்க்கடித் தடுப்பில் சுகாதாரத் துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து செயல்படக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள்,
தேயிலைத் தோட்டக் குடியிருப்பு, குன்னூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

பொருள்: நாய்க்கடித் தகவலைக் கால்நடை மருந்தகத்துக்கும் அன்றே தெரிவிப்பது, விழிப்புணர்வு முகாம் நடத்துவது தொடர்பாக.

வணக்கம். எங்கள் லைன் வீட்டுப் பையன் ஒருவனை நாய் காலில் கடித்தது. பாட்டி முதலில் வைத்தது மஞ்சளும் மிளகாய்ப் பொடியும். குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவியிருக்க வேண்டும் என்று ஊசி போடப் போன இடத்தில்தான் தெரிந்துகொண்டோம். அங்கே, கடித்த நாய்க்கு வெறிநோய் இருக்கிறதா என்று அறிய, "நாய் உயிரோடு இருக்கா, 10 நாள் பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள். நாய் போன திசையே எங்களுக்குத் தெரியாது. அதே வாரம் பக்கத்து லைனில் ஒரு கன்றையும் அது கடித்திருக்கிறது. கன்றுக்கு ஊசி போட்டவருக்குப் பையன் விஷயம் தெரியாது, பையனுக்குப் போட்டவருக்குக் கன்று விஷயம் தெரியாது.

அப்புறம், 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டிய ஊசியில் கடைசி ஊசிக்குப் பையனின் அம்மா போகவில்லை. காயம் ஆறிவிட்டது, ஒரு நாள் கூலியும் போகும் என்பதுதான் காரணம். நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற முடியாது என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் போயிருப்பார். நாங்களே பேசி, தாமதமாக அழைத்துப் போனோம்.

வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டியர் நிறுவனம் 1907 முதல் இயங்கும் குன்னூரில் இருந்துகொண்டு இதை எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தம்தான்.

ஆகவே, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாய்க்கடி வந்தால் அன்றே கால்நடை மருத்துவருக்கும் ஊராட்சிக்கும் போன் போக வேண்டும். அவர்களிடம் வரும் தகவலும் அப்படியே செவிலியருக்குப் போக வேண்டும். இதற்கு ஒரு பொதுப் பதிவேடு போதும், புதிய கட்டிடம் எதுவும் கேட்கவில்லை. கடைசி ஊசிக்கு வராதவர்களைக் கிராம சுகாதார செவிலியர் வீடு தேடிப் போய் அழைக்கட்டும்.

நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டால்தான் நோய் பரவுவது நிற்கும் என்கிறார்கள். வளர்ப்பு நாய்களை நாங்களே பிடித்து வருவோம். தெருநாய்களுக்குத்தான் துறையின் ஆட்கள் வேண்டும்.

செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தன்று இரண்டு துறை மருத்துவர்களும் ஒரே மேடையில் எங்கள் பள்ளிக்கூடத்தில் பேச ஏற்பாடு செய்யுங்கள். வேலை நேரத்தில் வைத்தால் தோட்டத்து ஆட்கள் வர முடியாது, மாலை 5 மணிக்கு மேல் வைத்தால் நல்லது.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள்