ஆடு திருடிய அப்பாவும் மனுநீதிச் சோழனும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உலக அறவியல் மரபுகளை ஒப்பிட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சிதான். ஆனால் மேற்கு என்றால் பகுத்தறிவும் கடமையும், சீனா என்றால் குடும்பம், இந்தியா என்றால் தர்மம் என்று கட்டம் கட்டிப் பிரித்திருப்பது இடிக்கிறது. சொந்தக்காரர் குற்றம் செய்தால் நீதியின் பக்கம் நிற்பதா, உறவின் பக்கம் நிற்பதா என்ற ஒரே வழக்கை எல்லா மரபுகளிடமும் கொடுத்துப் பார்த்தால் அந்தக் கட்டங்கள் நிற்பதில்லை. நான் வழக்கறிஞன், எனக்கு இப்படித்தான் யோசிக்க வரும்.

'எங்கள் ஊரில் ஒருவன், அப்பா ஆடு திருடியதற்கு அவனே சாட்சி சொன்னான். அவ்வளவு நேர்மை' என்று பழைய சீனாவில் ஷே பகுதியின் தலைவர் கன்பூசியஸிடம் பெருமைப்படுகிறார். 'எங்கள் பக்கம் அப்படியில்லை, அப்பாவை மகன் மறைப்பான், மகனை அப்பா மறைப்பார், நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது' என்கிறார் கன்பூசியஸ். கட்டுரையாளர் இதோடு சீனாவை முடித்துவிட்டார். கன்பூசியஸ் வழியில் பின்னால் வந்த சிந்தனையாளர் மென்சியஸை விட்டிருக்கக் கூடாது. உத்தம அரசராகச் சீனர்கள் போற்றும் பழங்காலப் பேரரசர் ஷுன்னின் அப்பா கொலை செய்திருந்தால் ஷுன் என்ன செய்வார் என்று அவரிடம் கேட்கிறார்கள். நீதிபதி கைது செய்வதை ஷுன் தடுக்க மாட்டார் என்கிறார் மென்சியஸ். அப்புறம்? நாட்டைப் பழஞ்செருப்பாக உதறிவிட்டு, அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு கடலோரம் ஓடிப்போய் நிம்மதியாக வாழ்வார்! பதவியில் இருந்துகொண்டே காப்பாற்றும் வழியை மென்சியஸ் யோசிக்கவே இல்லை. (நம் தலைவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.) சட்டத்தையே பெரிதாக நினைத்த சீனச் சிந்தனையாளர் ஹான் ஃபெய் இன்னும் கறாரானவர். அதே ஆட்டுக் கதையை எடுத்து, அரசனுக்கு நேர்மையானவன் அப்பனுக்குப் பொல்லாத பிள்ளை, ஒரு நாடு இரண்டையும் சேர்த்துப் போற்ற முடியாது என்று கன்பூசியர்களையே மடக்குகிறார்.

ஏதென்ஸுக்குப் போனால், பிளேட்டோவின் உரையாடலில் யூதிஃப்ரோ தன் அப்பா மீதே கொலை வழக்குப் போட வந்து நிற்கிறான். அப்பா கட்டிப்போட்ட கூலியாள் பசியிலும் குளிரிலும் இறந்துவிட்டான். உறவினர்கள் கொதிக்கிறார்கள், சாக்ரடீஸே திகைக்கிறார். பகுத்தறிவு நாட்டிலும் ஊர் வாய் கன்பூசியஸ் பக்கம்தான்.

நம் மனுநீதிச் சோழனும் இந்த வழக்கில் வர வேண்டியவர். பெரிய புராணத்தில் அமைச்சர்கள் பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள், அரசன் கேட்கவில்லை. இளவரசன் மீது தேரை ஏற்றச் சொல்லப்பட்ட அமைச்சர் அதைச் செய்யாமல் தன் உயிரை விடுகிறார். ஒரே கதைக்குள் எத்தனை கட்சி பாருங்கள். கடைசியில் இறைவன் எல்லோரையும் எழுப்பிவிடுகிறார். அதனால் நாம் அந்த அமைச்சரை மறந்துவிடுகிறோம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி சொல்லும்போது யாரும் உயிர்த்தெழுவதில்லை. இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சமும் இதே போன்ற கதையை அங்கே ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. அவனோடு போரிட்டவனைக் கொண்டாடும் நூல்தான், ஆனாலும் அவன் நீதியைப் புகழ்கிறது.

அந்தச் சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை உண்டு. அதே வளாகத்தில் உள்ள அமர்வு நீதிமன்றங்களில், போலீஸிடம் எல்லாம் சொன்ன தாய் கூண்டில் ஏறியதும் மகன் முகத்தைப் பார்க்காமல் 'எனக்கு எதுவும் தெரியாதுங்க ஐயா' என்பார். பிறழ் சாட்சி என்று அறிவித்துவிட்டு அரசு வழக்கறிஞர் அவரையே குறுக்கு விசாரணை செய்வார். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசியதை வெளியிடும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. பெற்றோர், பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதற்கு எந்த மரபிலிருந்து நியாயம் சொல்வது என்பதைக் கட்டுரையாளர் அடுத்த பகுதியில் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
திருவல்லிக்கேணி, சென்னை.