வெங்காய மூட்டைய அவிழ்த்துப் பாக்க விடுங்க முதலாளி

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பெரிய வெங்காயம் மொத்தமா இறக்கி விக்கிற முதலாளிமாருக்கும், சந்தைகளைப் பாக்கிற அதிகாரிமாருக்கும்,

வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன கிழமை சந்தையில நடந்தது முதலாளிமார் உங்களுக்குத் தெரியும், அதால விலாவாரியா எழுதல்ல. மஞ்சள் வெங்காய மூட்டைய அவிழ்த்துக் காட்டச் சொன்னதுக்கு, வேணுமெண்டா எடுங்க இல்லாட்டி வழிய விடுங்க எண்டு அத்தனை பேருக்கு முன்னால சொன்னீங்க. நான் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான், காசு குடுக்க முதல் மூட்டைய அவிழ்த்துப் பாக்க விடுங்க.

நான் வெங்காயத்தச் சீனி போட்டு வதக்கிற சீனிச்சம்பல் கிண்டிக் கடைகளுக்குக் குடுக்கிறன். அதுக்கு மஞ்சள் தோல் வெங்காயம்தான் எனக்குத் தோது, மெல்ல வதங்கி நல்ல நிறம் வரும். ஆனா வெளியால தோல் சரசரண்டு காஞ்சு பொன் மாதிரி இருக்கும், கழுத்துல பெருவிரலால ஒருக்கா அமத்தினாத்தான் விசயம் தெரியும், மெத்தெண்டு உள்ளுக்குப் போச்செண்டா அது சரியாக் காயாம மூட்டை கட்டினது, வெட்டிப் பாத்தா நடுவுல ஒரு வட்டம் மட்டும் சாம்பல் நிறத்துல வழுவழுண்டு கிடக்கும். அதுல ஒண்டு கண்ணுக்குத் தப்பிச் சட்டிக்க விழுந்தாலே போதும், றம்பை இலை, கறுவா, ஏலக்காய் எதைப் போட்டும் அந்த மணத்த மறைக்க ஏலாது, சட்டியோட கொட்டுறதுதான். எண்ணெய், சீனி, மாசிக் கருவாடு, விறகு எல்லாம் என்ட காசு. மூட்டைக்குள்ள பாதி அழுகிக் கிடந்தாலும் நீங்க எடுக்கிறது முழு மூட்டைக்கும் காசு.

கை பட்டா வெங்காயம் பழுதாகும் எண்டு சொல்றீங்க. அது கையால பழுதாகல்ல, லொறியில இருந்து தூக்கி எறியிறதாலதான் பழுதாகுது, அடிபட்ட இடத்தாலதான் அழுகல் உள்ளுக்குப் போகுது. வெறும் சீமெந்து நிலத்துல, சுவரோட ஒட்டி, ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி, பக்கத்துலயே உருளைக்கிழங்கையும் குவிச்சு வச்சா அந்த ஈரத்துக்கு வெங்காயம் முளைக்காம என்ன செய்யும்? வெங்காயம் இருக்கிற இடத்துல ஈரப்பதன் 65–70 வீதம் இருந்தா நல்லம், எங்கட பக்கம் மார்கழி மழைக்க அது 80க்கும் மேல நிக்கும். அதுக்குள்ள படங்கு போட்டு மூடினா வேர்த்துக் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும். பலகைத் தட்டு போட்டு, சுவருக்கு இடைவெளி விட்டு, ஃபேன் ஒண்டு ஓட விட்டா உங்களுக்கும் நட்டம் குறையும்தானே.

2023 டிசம்பர்ல இந்தியா வெங்காய ஏற்றுமதிய நிப்பாட்டி 2024 மே வரைக்கும் தடை வச்சிருந்த நேரம், நாங்க ஒரு வார்த்தை கேக்கல்ல, கிடைச்சத வாங்கினம், ஏனெண்டா அது தட்டுப்பாட்டுக் காலம். இப்ப என்ன தட்டுப்பாடு? பில் கேட்டாலும் முகம் மாறுது. விலையக் காட்சிக்கு வைக்கணும், கேட்டா பில் குடுக்கணும் எண்டு 2003ம் ஆண்டு 9ம் இலக்க நுகர்வோர் சட்டத்துல கிடக்கு, அது கொழும்புக்கு மட்டும் போட்ட சட்டம் இல்ல. கிழக்கு எண்டா எதையும் தள்ளி விடலாம் எண்டு நினைக்கிறீங்களோ எண்டு எங்களுக்கு யோசனை வருது, அப்பிடி யோசிக்க வைக்காதீங்க.

சரி, கேக்க வந்தத மரியாதையாவே கேக்கிறன். மூட்டைய அவிழ்த்துப் பாக்க விடுங்க. கழுத்து மெல்லிசாக் காஞ்சது, முளை இல்லாதது, பூத்தண்டு வராதது, கைக்குப் பாரமா இறுக்கமா இருக்கிறது, இதுகளப் பொறுக்கி எடுக்க விடுங்க, பொறுக்கிறதுக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கேட்டாலும் தாறன். அதிகாரிமாரே, அவிழ்த்துப் பாத்து வாங்கலாம் எண்டு சந்தை வாசல்ல ஒரு போர்ட் எழுதிப் போட்டு, கிழமையில ஒருக்கா வந்து மூட்டைகள் வச்சிருக்கிற இடத்தையும் பாருங்க. மாரி துவங்க முதல் இதைச் செஞ்சு தந்தீங்களெண்டா என்னைப் போல சின்ன வியாபாரம் செய்யிறவங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
சம்பல் வியாபாரம் செய்யிற ஒரு பொம்பிளை,
மட்டக்களப்பு