ஊருணி வரத்துக்காலைச் சீர்செய்யவும் பகுதி சபா கூட்டவும் கோரும் மனு

அனுப்புநர்:
5ஆவது வார்டு குடியிருப்போர்,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: பேரூராட்சியின் சுற்றுச்சூழல் திட்டத்தை முடிவு செய்யும் முன் மக்களிடம் கருத்துக் கேட்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, வணக்கம்.

எங்கள் பேரூராட்சி தயாரித்துள்ள சுற்றுச்சூழல் திட்டத்தில் ஊருணியைச் சுற்றி நடைபாதை, விளக்கு, பெஞ்சு, உள்ளே சிமெண்ட் தளம் எல்லாம் இருக்கின்றன. ஊருணிக்கு மழைத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை.

வற்றாத ஆறு இல்லாத சீமை இது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்துவைத்துத்தான் ஆண்டை ஓட்ட வேண்டும். ஓட்டில் விழுந்த மழை வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) இறங்கி, அண்டாவில் பிடித்தது போக மீதி தெரு வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும்படி முன்னோர் கட்டிவைத்தார்கள். ஊருணி நிறைந்தால் பக்கத்து வீட்டுக் கிணறுகளும் ஊறும். தரையில் சிமெண்ட் பூசினால் அந்த ஊற்று நின்றுபோகும்.

போன கார்த்திகையில் இரண்டு நாள் அடித்த மழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். ஊருணியிலோ அடிப்படி இரண்டுதான் நனைந்தது. ஆறு பேர் மண்வெட்டியோடு இறங்கி மடையைத் தோண்டினோம். வந்தது மண் இல்லை. காகிதக் கப், பிளாஸ்டிக் தாள் ஒட்டிய தட்டு, தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு தாம்பூலப் பை. மணமக்கள் பெயர்கூட அழியவில்லை. இவற்றில் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது.

ஆண்டு முழுக்கப் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் திறக்கின்றன. பந்தி முடிந்து சமையல் ஆட்கள் கிளம்பியதும் குப்பை வரத்துக்காலுக்குப் போகிறது. யாரையும் குத்திக்காட்டவில்லை, எங்கள் வீட்டு விசேஷங்களும் இதில் உண்டு. பிரித்துக் கொடுக்கும் குப்பையும் ஒரே வண்டியில் கலந்துதான் போகிறது. தூய்மைப் பணியாளர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வண்டியில் தடுப்பே இல்லை.

இதையெல்லாம் பேசத்தான் வார்டின் ஒரு பகுதி மக்கள் ஒன்றாகக் கூடும் பகுதி சபா. 2022இல் அதற்கு விதிகளும் வந்துவிட்டன. எங்கள் வார்டுக்குக் கையெழுத்து வாங்க நோட்டு வந்தது, கூட்டம்தான் வரவில்லை.

ஆகவே பகுதி சபாவைக் கூட்டி, திட்டத்தை முழுதாக வாசித்துக் காட்டிய பிறகே வேலையைத் தொடங்க உத்தரவிட வேண்டுகிறோம். சர்வேயரை அனுப்பி வரத்துக்காலை அளந்து, ஆக்கிரமிப்பு இருந்தால் எடுக்க வேண்டும். ஊருணித் தரை மண்ணாகவே இருக்கட்டும். விசேஷ வீட்டார் முன்கூட்டியே பேரூராட்சியில் எழுதிக்கொடுத்து, கட்டணம் கட்டி, தனி வண்டி பெறும் ஏற்பாடு வேண்டும். நடைபாதை பிறகு வந்தாலும் சரி.

பழைய கால் ஓடிய தடத்தைக் காட்ட எங்கள் பெரியவர்கள் தயார். தூர் வார வீட்டுக்கு ஒருவர் வருகிறோம். ஐப்பசி பிறக்க ஐந்து வாரம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
5ஆவது வார்டு மக்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், மடையில் எடுத்த படங்கள் 3.