பழைய ஹாலிவுட் 'ரகசியங்கள்' சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

யூடியூபிலும் ரீல்ஸிலும் முகநூலிலும் பழைய ஹாலிவுட் நட்சத்திரங்களின் கதைகளைத் தமிழில் சொல்லிவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே விரலால் தள்ளிவிட்டுப் போகிற காலத்தில், 1930கள், 40களின் நடிகர்களைப் பற்றித் தமிழில் பேச ஆள் இருப்பதே சந்தோஷம்தான். கிசுகிசு பேசாதீர்கள் என்று புத்தி சொல்ல வரவில்லை. நானும் வாய் பிளந்து கேட்கிற ஆள்தான். என் குறை வேறு. 'யாருக்கும் தெரியாத ரகசியம்' என்று பெரிய எழுத்தில் போட்டு நீங்கள் சொல்வதில் பல கதைகள், அந்தக் காலத்திலேயே ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவு உட்கார்ந்து தயாரித்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தவை. அவர்கள் விற்ற சரக்கையே தொண்ணூறு வருஷம் கழித்து நீங்கள் ரகசியம் என்று விற்கிறீர்கள்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நடிகை லானா டர்னரை சினிமாவுக்காக ஷ்வாப்ஸ் மருந்துக் கடையில் கண்டுபிடித்தார்கள் என்பது தவறு. பள்ளி வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு சன்செட் சாலையில் டாப் ஹாட் என்ற கடையில் அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் 'ஹாலிவுட் ரிப்போர்ட்டர்' பத்திரிகையின் பில்லி வில்கர்சன் கண்ணில் பட்டார். மர்லின் மன்றோவுக்குக் காலில் ஆறு விரல் என்பது 1946-இல் கடற்கரையில் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துப் பின்னால் கட்டிய கதை. அன்றைக்கு எடுத்த மற்றப் படங்களில் ஐந்து விரல்தான் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம். 1934-இல் நடிகர் கிளார்க் கேபிள் ஒரு படத்தில் பனியன் இல்லாமல் சட்டையைக் கழற்றியதும் அமெரிக்காவில் பனியன் விற்பனை முக்கால்வாசி படுத்துவிட்டது என்கிறீர்கள். அதற்கு நம்பத்தக்க விற்பனைக் கணக்கு எதையும் இதுவரை யாரும் எடுத்துக் காட்டவில்லை. போகட்டும், இதெல்லாம் யாரையும் காயப்படுத்தாத கதைகள்.

நடிகை ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்பதையும் கொஞ்சம் திருத்துங்கள். அவரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைலும் 1942 ஆகஸ்டில் வாங்கிய காப்புரிமை, டார்ப்பிடோவை, அதாவது நீருக்கடியில் பாயும் குண்டை, வானொலி அலையால் செலுத்தும்போது எதிரி குறுக்கிடாதபடி அலைவரிசையைத் தாவித் தாவி மாற்றும் முறைக்கானது. தானாக வாசிக்கும் பியானோவில் துளையிட்ட காகிதச் சுருள் ஓடுமே, அதே மாதிரிச் சுருளை வைத்து 88 அலைவரிசைகளுக்குள் மாறுவது. 88 என்பது பியானோவின் கட்டைகள் எண்ணிக்கை. அமெரிக்கக் கடற்படை அப்போது அதை எடுத்துக்கொள்ளவில்லை. அலைவரிசை தாவும் யோசனை அவர்களுக்கு முன்பே இருந்தது, இன்றைய ப்ளூடூத்தும் தாவுகிறது, ஆனால் அங்கிருந்து வைஃபைக்கு நேர்கோடு போட முடியாது. உள்ளதைச் சொன்னாலே வாய் பிளக்க வைக்கிற கதைக்கு எதற்கு ஜிகினா?

இனி காயப்படுத்துகிற கதைகளுக்கு வருகிறேன். அதற்கு முன், அன்றைய கிசுகிசு எப்படி ஓடியது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். லூயெல்லா பார்சன்ஸ், ஹெட்டா ஹாப்பர் என்று இரண்டு பெண்மணிகள். முதலாமவர் பத்திரிகை முதலாளி ஹேர்ஸ்டின் இதழ்களில் எழுதினார், இரண்டாமவரின் பத்தி 1938 முதல் 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழில் வந்தது. இருவர் பெயரைக் கேட்டாலே நட்சத்திரங்களுக்கு அடிவயிறு கலங்கும். எம்.ஜி.எம். போன்ற ஸ்டூடியோக்கள் இவர்களோடு பண்டமாற்று நடத்தின: பெரிய விவகாரத்தை அமுக்கிக்கொள்ள, பதிலுக்கு ஒரு நிச்சயதார்த்தச் செய்தியை முதலில் இவர்களுக்குத் தருவது. நடிகர்கள் ஏழு வருஷ ஒப்பந்தத்தில் கட்டுண்டு கிடந்தார்கள், ஒப்பந்தத்தில் ஒழுக்க விதி என்று ஒன்று தனியாக இருந்தது. ஆகவே அக்காலப் பத்தியில் ஒரு வரியைப் பார்த்தால், இது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

நடிகை லொரெட்டா யங் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1935-இல் கிளார்க் கேபிளோடு ஒரு படத்தில் நடித்தார். அவருக்கு வயது இருபத்திரண்டு, கேபிள் திருமணமானவர். அந்த வருஷம் நவம்பரில் லொரெட்டாவுக்கு ரகசியமாக ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை அனாதை இல்லத்தில் விட்டுவிட்டு, பிறகு தத்தெடுப்பதாக அறிவித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார், பெற்ற தாயே. அந்த அறிவிப்பும் லூயெல்லா பார்சன்ஸ் மூலமாகத்தான் ஊருக்குப் போனது. குழந்தைக்குக் கேபிளின் காது அப்படியே வாய்த்திருந்தது. தொப்பி போட்டு மறைத்தார்கள், ஏழு வயதில் அறுவை சிகிச்சை செய்து காதை ஒட்டவைத்தார்கள். ஜூடி லூயிஸ் என்ற அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதான பிறகுதான், 1966-இல், தாய் உண்மையை ஒப்புக்கொண்டார்.

இதை நீங்கள் 'சூப்பர் ஸ்டாரின் கள்ளக்காதல்' என்று தலைப்பிட்டுப் பின்னணியில் ஒரு டூயட் பாட்டைப் போடுகிறீர்கள். லொரெட்டா இறந்து பல வருஷம் கழித்து, 2015-இல், அவருடைய மருமகள் வெளியே சொன்ன விஷயம் உங்கள் கண்ணில் படவில்லையா? வயதான காலத்தில் தொலைக்காட்சிப் பேட்டி நிகழ்ச்சி ஒன்றில், பழகிய ஆணே ஒரு பெண்ணை வன்புணர்வதைப் பற்றிப் பேசியதைக் கேட்டு லொரெட்டா அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தாராம். விளக்கியதும், கேபிளுக்கும் தனக்கும் நடந்தது அதுதான் என்றாராம். கேபிள் 1960-லேயே இறந்துவிட்டார், அவர் பதிலை இனிக் கேட்க முடியாது. சரி, இதில் தீர்ப்பு எழுத வேண்டாம். ஆனால் டூயட் பாட்டை எடுத்துவிடலாம் அல்லவா?

அப்புறம், நான் இந்த மடல் எழுத உட்கார்ந்ததே மெர்ல் ஓபரானுக்காகத்தான். 'பெற்ற தாயை வேலைக்காரியாக வைத்திருந்த நடிகை' என்று எத்தனை பேர் போட்டுவிட்டீர்கள்! கதையை முழுசாகச் சொல்லுங்கள். மெர்ல் 1911-இல் பம்பாயில் பிறந்தார். அவரை வளர்த்து, அவர் கடைசிவரை அம்மா என்று அழைத்த சார்லட் செல்பி, இலங்கையிலிருந்து வந்த யூரேசியப் பெண், அதாவது ஐரோப்பிய, ஆசியக் கலப்பில் பிறந்தவர். நீங்கள் வேலைக்காரி என்று சொல்வது இவரைத்தான். பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயராக இருப்பது சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ். அப்போது அவளே ஒரு சிறுமி. அதாவது அக்கா என்று மெர்லுக்குச் சொல்லி வளர்க்கப்பட்டவர்தான் தாய், அம்மா என்று அழைத்தவர் பாட்டி. நீங்கள் அந்தச் சிறுமியை எங்கேயும் குறிப்பிடுவதே இல்லை.

கல்கத்தாவில் லா மார்ட்டினியர் பள்ளியில் சக மாணவிகள் பிறப்பைச் சொல்லிக் குத்திக்காட்டியதில் படிப்பை விட்டார் மெர்ல். இருபது வயதை நெருங்கும்போது ஐரோப்பா போய், இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டாவின் படங்களில் நடித்துப் பேர் வாங்கினார். விளம்பரப் பிரிவு அவருக்கு ஒரு பிறந்த ஊரைத் தேடித் தந்தது: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. பிரிட்டிஷ் இடம், தூரம், யாரும் போய் விசாரிக்கமாட்டார்கள்.

ஏன் இந்தப் பொய்? 1923-இல் பகத் சிங் திந்த் என்ற இந்தியரின் வழக்கில், இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர்கள் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. வெள்ளைக்காரக் கதாநாயகனோடு வேற்றின நடிகை காதல் காட்சியில் வருவதை அன்றைய தணிக்கை நடைமுறையில் விடவில்லை. சீன விவசாயி வீட்டுக் கதையைப் படமாக்கியபோதே சீன வம்சாவளி நடிகை ஆனா மே வாங்குக்கு நாயகி வேடம் கிடைக்கவில்லை. லூயிஸ் ரைனர் ஒப்பனை போட்டு நடித்து ஆஸ்கரும் வாங்கினார். உண்மையைச் சொல்லியிருந்தால் மெர்லுக்கு என்ன வேடம் கிடைத்திருக்கும்? 1935-இல் வந்த படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரையான முதல் ஆசிய வம்சாவளிப் பெண் அவர்தான். பரிந்துரைத்தவர்களுக்கே அது தெரியாது.

சார்லட் 1937-இல் இறந்தார். பிற்பாடு மெர்ல் அவரை ஓவியமாக வரையச் சொன்னார், தோல் நிறத்தை வெளுப்பாகத் தீட்டச் சொல்லி. அந்த ஓவியம் அவர் வீடு மாறும்போதெல்லாம் கூடவே போனது. 1978-இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் மேயர் அவருக்கு வரவேற்பு வைத்தார். போன கொஞ்ச நேரத்திலேயே உடம்பு சரியில்லை என்று மெர்ல் எழுந்துவிட்டார். அடுத்த வருஷம் இறந்தார். பம்பாய் விஷயம் புத்தகமாக வெளிவந்தது 1983-இல்தான். இவ்வளவையும் விட்டுவிட்டு 'வேலைக்காரி' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குவது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கதையைச் சொல்லும்போது, அதை முதலில் யார் சொன்னது, எந்த வருஷம் என்று ஒரு வரி சேருங்கள். ஸ்டூடியோ விட்ட செய்தியா, பிள்ளைகள் எழுதியதா, நீதிமன்றப் பதிவா என்பது கேட்பவருக்குத் தெரியட்டும். ஏற்கெனவே போட்ட வீடியோக்களை நீக்கச் சொல்லவில்லை, உழைப்பு வீணாகும். விளக்கப் பகுதியில் ஒரு திருத்தம் போட்டு, முதல் கருத்தாக அதையே மேலே நிறுத்தி வையுங்கள். மெர்ல் வீடியோவிலிருந்து தொடங்கினால் சந்தோஷப்படுவேன், அதன் தலைப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்