இருநூறு மூட்டையும் இருநூற்றைம்பது மூட்டையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958இல் வெளியிட்ட முதல் நாவலைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். (தமிழில் என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்ப்பில் ‘சிதைவுகள்’.) நிம்மதியாக இருந்த இக்போ இனத்தார் ஊர் ஒன்றை வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று கட்டுரையாளர் கதையைச் சுருக்கியது எனக்கு ஒப்பவில்லை. கெடுத்தான், சரி. அந்த நிம்மதிதான் நாவலில் இல்லை.

இகெமெஃபுனாவை எப்படி விட்டுவிட்டார்? ஒரு கொலைக்கு ஈடாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒப்படைத்த பையன். மூன்று வருஷம் கதைநாயகன் ஒகோன்க்வோ வீட்டில் வளர்ந்து, அவனை அப்பா என்று கூப்பிட்டவன். அவனைக் கொல்வதென்று ஊர் முடிவு செய்ததும், அவன் சாவில் நீ கை வைக்காதே என்று ஒகோன்க்வோவிடம் ஊரின் மூத்த கிழவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார். இருந்தும், காட்டில் முதல் வெட்டு விழுந்ததும் அப்பா என்று அலறிக்கொண்டு ஓடிவரும் பிள்ளையை ஒகோன்க்வோவே வெட்டிச் சாய்க்கிறான். கோபத்தால் அல்ல, கோழை என்று நாலு பேர் நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தால். புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு கடனோடு செத்துப்போன தன் அப்பாவைப் போல ஆகிவிடக் கூடாது என்ற பயம் அவனை ஆயுசு முழுக்க விடவில்லை. அந்த அத்தியாயத்தைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றைக்கே மகன் என்வோயேயின் மனசு அப்பாவை விட்டு அறுந்துபோகிறது. அப்புறம் பாதிரிமார் வந்தபோது அவர்களோடு போனவர்களில் அவனும் ஒருவன். நாலு முறை இரட்டைப் பிள்ளைகள் பெற்று, நாலு முறையும் ஊர் வழக்கத்துக்கு அவர்களைப் பறிகொடுத்த பெண்ணும் போனாள். ஊர் தள்ளிவைத்திருந்த ஓசுக்களும் போனார்கள்.

இதனால் வெள்ளைக்காரர் ஆட்சியின் அநியாயம் குறைந்துவிடாது. பேசலாம் என்று கூப்பிட்டு ஆறு பெரியவர்களுக்கு விலங்கு மாட்டுகிறார் மாவட்ட ஆணையர். அங்கே பணமாகப் புழங்கிய சோழியில் 200 மூட்டை அபராதம். ஊருக்குச் சேதி கொண்டுபோன நீதிமன்ற ஏவலர்கள் 250 என்கிறார்கள், அவர்களும் ஆப்பிரிக்கர்கள்தான். அந்த 50 மூட்டை அவர்களுக்கு. அந்நிய ஆட்சி எப்படிப்பட்ட கைகளில் ஓடியது என்பதை வேறு எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

கடைசியில் ஒகோன்க்வோ தானே தூக்கு மாட்டிக்கொண்டு தொங்குகிறான். ஆணையரோ, தான் எழுதப்போகும் புத்தகத்தில் அவனுக்கு ஒரு முழு அத்தியாயம் வேண்டாம், ஒரு பத்தி போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடக்கிறார்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதில் இகெமெஃபுனாவுக்கு இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாசகி,
திண்டுக்கல்