முதலில் ஐஸ் தொட்டி, பிறகு விசில்

கோவில்பட்டி,
ஜூலை 20.

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ போனை வைத்தபோது இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே காலை பத்தரை. உன் அம்மா உடனே தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ கேட்ட கேள்விக்குப் போனில் பதில் சொல்ல முடியவில்லை என்பதால்தான் "கடிதமாக எழுதுகிறேன்" என்றேன். வாயால் சொல்லியிருந்தால் பாதியை விழுங்கியிருப்பேன்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். உங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் கோடைப் பயிற்சியில் 135 கிலோ எடையுள்ள அந்தப் பையன் எட்டாவது ஓட்டத்தில் கால் பின்னித் தடுமாறினான். அணிப் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்கிற அத்லெடிக் டிரெய்னராக நீ கையை உயர்த்தி நிறுத்தினாய். "இன்னும் இரண்டு சுற்றுதானே, முடிக்கட்டும்" என்றார் லைன் கோச், முன்வரிசையில் நின்று மோதுகிற பெரிய உடம்புப் பையன்களுக்குப் பயிற்சி தருகிறவர். நீ முடியாது என்று சொல்லி அவனை நிழலுக்கு அழைத்துப் போனாய். உடல் வெப்பத்தை அளந்தால் ஆபத்தான அளவு இல்லை, வெறும் களைப்பு. "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்று அவர் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார். "அப்பா, நீங்கள் 31 வருடம் பிள்ளைகளை ஓடவைத்தவர். நான் அவசரப்பட்டுவிட்டேனா?" என்று என்னைக் கேட்டாய்.

போன வருடம் ஜூனில் நான் அங்கே வந்திருந்தபோது பள்ளிப் பையன்களுக்கான கோடை முகாம் நடந்தது. அலபாமா வெயிலை அதுவரை நான் பெரிதாக நினைத்ததில்லை. எங்கள் கரிசல் வெயிலைவிடவா என்று கேட்டேன். முதல் நாள் காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வெயிலில் வியர்வை காய்ந்துவிடும், அங்கே காய்வதே இல்லை. வெயிலையும் ஈரப்பதத்தையும் காற்றையும் சேர்த்து அளக்கிற அந்தச் சின்னக் கருவியை நீ முக்காலியில் மாட்டி வைத்திருந்தாய். அதில் எண் ஏற ஏற ஓய்வு நேரத்தைக் கூட்ட வேண்டும், ஓர் அளவைத் தாண்டினால் பயிற்சியையே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாய். என் காலத்தில் இப்படி ஒரு கருவி இருப்பதே எனக்குத் தெரியாது.

ஒரு கல்லூரி அணிக்குப் பின்னால் இத்தனை பேர் இருப்பார்கள் என்றும் நான் நினைத்ததில்லை. கோவில்பட்டியில் ஹாக்கி முகாம் என்றால் நானும் ஒரு விசிலும் இருபது மட்டையும்தான். அங்கே தலைமைப் பயிற்சியாளர், தாக்குதலுக்கு ஒருவர், தடுப்புக்கு ஒருவர், உதைக்கும் ஆட்டத்துக்கு ஒருவர், அவர்களுக்குக் கீழே ஒவ்வோர் இடத்துக்கும் ஒருவர். உங்களுடையது சிறிய கல்லூரி என்பதால் லைன் கோச்சே உடல்வலுப் பயிற்சியையும் பார்த்துக்கொள்கிறார். பெரிய பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளருக்கு 10 உதவிப் பயிற்சியாளர்கள் என்று 2018 முதல் கணக்கு இருந்தது, 2024-இல் அந்த வரம்பைத் தளர்த்தி மற்ற ஊழியர்களும் களத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்றார்கள் என்று சொன்னாய். சம்பளம் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லாமல், முதுகலை படித்துக்கொண்டே வேலை பார்க்கிற அந்த இரண்டு பையன்களை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எதிரணியின் ஆட்டத்தைப் படத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொன்றையும் அட்டையில் வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்துகொண்டிருந்தார்கள். இரவு பதினொன்றுக்கும் அந்த அறையில் விளக்கு எரிந்தது.

அந்த லைன் கோச்சையும் கவனித்தேன். முகாமுக்கு வந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு காலையும் ஒரு கையையும் தரையில் ஊன்றுகிற மூன்று புள்ளி நிலையில் குனியத் தெரியவில்லை. உடம்பின் எடை முழுவதும் ஊன்றிய கையில் விழுந்துகொண்டிருந்தது. அவர் புல்லில் மண்டியிட்டு, தன் உள்ளங்கையை அவன் விரல்களுக்கு அடியில் வைத்தார். "என் கை வலிக்காமல் குனி" என்றார். நான்கு முறை, ஐந்து முறை. பையனின் எடை மெல்ல மெல்லக் கால்களுக்குப் போனது. அவர் கையை உருவி எடுத்தபோது பையன் அசையாமல் நின்றான். நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இவ்வளவு அழகாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. அவர் நல்ல வாத்தியார், நல்ல மனிதர். இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

அந்த விடுமுறையில் டஸ்கலூசாவுக்குக் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? அலபாமா பல்கலைக்கழக ஸ்டேடியத்தின் முன்னால் தேசியப் பட்டம் வென்ற பயிற்சியாளர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பால் பிரையன்ட் சிலைக்கு முன்னால் ஒரு குடும்பமே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. 1958 முதல் 1982 வரை அங்கே இருந்தவர், 6 தேசியப் பட்டங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அலபாமாவுக்கு வருவதற்கு முன் அவர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிக்குப் பயிற்சியாளர். 1954-இல் பொறுப்பேற்றதும் பையன்களை ஜங்ஷன் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போய் 10 நாள் முகாம் நடத்தினார். டெக்சாஸில் வறட்சிக் காலம். தரை முழுக்கக் கல்லும் முள்ளும். பயிற்சியின்போது தண்ணீர் கிடையாது. ஒரு பையன் வெப்பத்தில் சுருண்டு விழுந்து, சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினான். பலர் இரவோடு இரவாக ஊரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இரண்டு பஸ்ஸில் போனவர்கள் ஒரு பஸ்ஸில் திரும்பினார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பருவத்தில் 10 ஆட்டத்தில் ஒன்றில்தான் வென்றார்கள். இரண்டு வருடம் கழித்து, 1956-இல், ஒரு தோல்வியும் இல்லாமல், தங்களுக்குள் ஆடுகிற கல்லூரிகளின் கூட்டமைப்புப் பட்டத்தை வென்றதும் எல்லோரும் அந்த முகாமைக் கொண்டாட ஆரம்பித்தார்கள். அதில் தாக்குப்பிடித்தவர்களில் ஒருவரான ஜீன் ஸ்டாலிங்ஸ் பின்னாளில் அலபாமாவுக்கே பயிற்சியாளராகி 1992-இல் பட்டம் வென்றார். அவருக்கும் அங்கே சிலை இருக்கிறது.

இரவில் மூட்டையைக் கட்டிக்கொண்டு போன பையன்களுக்குச் சிலை இல்லை. படிக்கும்போது எனக்கு அவர்கள் நினைவாகவே இருந்தது.

தண்ணீர் குடித்தால் வயிறு பிடிக்கும், கால் கனக்கும் என்றுதான் எனக்கும் கற்பித்தார்கள். நானும் அதையே கற்பித்தேன். தாகத்தை அடக்குகிறவன்தான் ஆட்டக்காரன் என்று மைதானத்தில் எத்தனை முறை கத்தியிருப்பேன்! அங்கே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1965-இல் ஓர் உதவிப் பயிற்சியாளர், ஆட்டம் முடிந்த பிறகும் பையன்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை என்று ராபர்ட் கேட் என்ற மருத்துவரிடம் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் கேட்டரேட் என்ற, உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் பிறந்தது. இவ்வளவு எளிய கேள்வி எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இது உன் அம்மாவுக்கும் தெரியாது.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. பள்ளியில் ஹாக்கி முகாம். பிளஸ் ஒன் படித்த கோல்கீப்பர் ஒருவன் இரண்டு நாள் தொடர்ந்து தாமதமாக வந்தான். அவன் அப்பா இல்லாத பிள்ளை, காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிறவன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கால் பட்டை, மார்புக் கவசம், தலைக்கவசம் எல்லாவற்றோடும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னேன். ஆறாவது சுற்றில் நேராக ஓடாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து போனான். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து என்னை "மாமா" என்று அழைத்து, மாட்டைக் கட்டிவிட்டேன் என்றான். பையன்கள் சிரித்தார்கள். நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் நாலு சுற்றுதான், ஓடு" என்றேன்.

எட்டாவது சுற்றில் விழுந்தான்.

நான் அவன் பெயரைச் சொல்லி உலுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஓடி வந்தது தோட்டக்காரர். கவசத்தின் பட்டைகளைச் செடி வெட்டும் கத்தியால் அறுத்து எறிந்துவிட்டு, அவனைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடித் தண்ணீர்த் தொட்டியில் கழுத்து வரை இறக்கினார். தலையைத் தன் முழங்கையில் தாங்கிக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம்" என்று நான் கத்தியபோது, "சார், முதலில் சூடு இறங்கட்டும்" என்றார். வெயிலில் சுருண்ட ஆட்டைத் தண்ணீரில் போட்டுக் காப்பாற்றிய அனுபவம் அவருக்கு. பையன் கண் திறந்த பிறகுதான் ஆட்டோவில் ஏற்றினோம். மூன்று நாள் படுக்கையில் இருந்தான், பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் அவன் அம்மா பள்ளிக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கைகூப்பி, "நீங்கள் இருந்ததால் என் பிள்ளை பிழைத்தான் சார்" என்றார். தோட்டக்காரர் அருகில் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன், மலர். அந்த அம்மா இறந்து பல வருடங்கள் ஆகின்றன. தோட்டக்காரரும் இல்லை. அந்தப் பையன் ரயில்வேயில் இருக்கிறான், ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து என் காலில் விழுகிறான். யார் அவன் என்று நீ கேட்க மாட்டாய், உனக்குத் தெரியும்.

நீ பிசியோதெரபி முடித்துவிட்டு, அத்லெடிக் டிரெய்னர் படிப்புக்கு அமெரிக்கா போகிறேன் என்றபோது உன் அம்மா அழுதாள். நான் உடனே சரி என்றதற்கு, உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த காரணம் அந்தத் தொட்டிதான்.

முதல் வருடம் வகுப்பில் படித்ததாக மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொன்னாய். ஜோர்டன் மெக்நேர், 19 வயது, லைனில் ஆடுகிறவன், உங்கள் பையனைப் போலவே பெரிய உடம்பு. 2018 மே 29-ஆம் தேதி ஓட்டப் பயிற்சியில் சுருண்டான். உடல் வெப்பத்தை அளக்கவில்லை, ஐஸ் நீரில் இறக்கவில்லை. ஜூன் 13-ஆம் தேதி இறந்தான். தவறு தங்களுடையது என்று பல்கலைக்கழகமே ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. விடுப்பில் அனுப்பப்பட்ட தலைமைப் பயிற்சியாளரை அக்டோபர் கடைசியில் மறுபடி பொறுப்பில் வைத்து, மறுநாளே நீக்கினார்கள். அங்கே ஆள் குறைவில்லை, பணம் குறைவில்லை. படித்தவர்கள் சுற்றி நின்றிருந்தார்கள். எங்கள் பள்ளியில் இருந்தது ஒரு தோட்டக்காரரும் ஒரு சிமெண்டுத் தொட்டியும்.

நீ கேட்டாயே, அவசரப்பட்டுவிட்டேனா என்று. இல்லை அம்மா. அந்தப் பையனுக்கு வெறும் களைப்புதான் என்பது நீ நிறுத்திய பிறகு தெரிந்தது. நிறுத்துவதற்கு முன் உனக்கும் தெரியாது, அந்த கோச்சுக்கும் தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது. விளையாட விடலாமா கூடாதா என்பதில் மருத்துவப் பிரிவின் சொல்லே முடிவு, பயிற்சியாளர் அதை மாற்ற முடியாது என்று பெரிய ஐந்து கல்லூரிக் கூட்டமைப்புகளும் 2016-இல் விதி கொண்டுவந்தன, எங்கள் கல்லூரியிலும் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். எல்லோர் முன்பும் அவர் உன்னைச் சிறுமைப்படுத்தியது வலித்திருக்கும். இருந்தாலும் அவரை விரோதியாக நினைத்துவிடாதே. நான் உன் வயதுப் பெண் ஒருத்தி வந்து நிறுத்தியிருந்தால் அவரைவிடக் கடுமையாகப் பேசியிருப்பேன். தனியாக அவரிடம் போய்ப் பேசு. பையன் சாய்ந்து ஓடினால், பேச்சுத் தடுமாறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால் உடனே உன்னைக் கூப்பிடச் சொல். லைன் பையன்களின் முகம் உன்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் கண்ணும் உன் கண்ணும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. நான் மைதானத்தில் தனி ஆளாக இருந்தேன், அதனால் என்னை நிறுத்த யாருமில்லை.

ஆகஸ்ட் முகாம் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. முதல் 2 நாள் ஹெல்மெட் மட்டும், கவசமெல்லாம் படிப்படியாகத்தான் என்று விதி இருக்கிறது. முதல் நாள் உற்சாகத்தில் யாராவது அதை மறந்தால் நீ மறக்காதே. காலையில் நாற்பது கணுக்காலுக்கு டேப் சுற்றிவிட்டு நீ சாப்பிடாமல் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். குதிகாலைச் சுற்றி உன் கை போகிற வேகத்தில் டேப் கிழிகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுச் சுற்று.

பையன் மயங்கினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு, ஆனால் உடல் வெப்பம் 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கும்வரை ஐஸ் தொட்டியிலிருந்து எடுக்காதே. இதை உனக்கே நான் சொல்ல வேண்டியதில்லை, தெரியும். எழுதினால் எனக்கு மனது ஆறுகிறது.

இந்தப் பொங்கலுக்கு அவன் வரும்போது, காலில் விழுவதற்கு முன் உட்காரவைத்துத் தோட்டக்காரரைப் பற்றிச் சொல்லிவிடப் போகிறேன். உன் அம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

கடலை மிட்டாய் பார்சல் நேற்று அனுப்பினேன், பன்னிரண்டு பாக்கெட். போன முறை செய்ததுபோல, வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பையன்கள் யார் என்று பட்டியலைப் பார்த்துவிட்டுக் கொடு. லைன் கோச்சுக்கு ஒரு பாக்கெட் தனியாக எடுத்து வை. போன வருடம் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முகாம் முதல் நாள் காலையில் தொட்டியில் ஐஸ் நிரப்பியதும் ஒரு படம் எடுத்து அனுப்பு. இங்கே சாயங்காலமாக இருக்கும், விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா