படத்தில் இருப்பது வீட்டு ஈ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய எங்கள் தெருக்களில் ஈத் தொல்லை தாங்க முடியவில்லை என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நாங்கள் படும் பாட்டை எழுதியதற்கு நன்றி. ஆனால் செய்தியோடு போட்டிருந்த பெரிய படத்தின் கீழே 'வீட்டு ஈ' என்று இருந்தது. அது வீட்டு ஈ அல்ல. காசிமேட்டில் நாங்கள் பச்சை ஈ என்று சொல்வது. அறிவியல் பெயர் கிரைசோமியா மெகாசெஃபாலா.

படத்துக்குக் கீழே ஒரு பெயர் மாறினால் என்ன என்று நினைக்க வேண்டாம். என் அம்மா கருவாடு போடுபவர். நான் விலங்கியல் படித்துவிட்டு ராயபுரத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எந்த ஈ என்று தெரிந்தால்தான் அது எங்கே பிறந்தது என்று தேட முடியும். வீட்டு ஈ சாணத்திலும் அழுகும் சமையல் கழிவிலும் முட்டையிடும். பச்சை ஈக்கு வேண்டியது அழுகும் மீன், இறைச்சி, மனிதக் கழிவு. எல்லாம் வீட்டு ஈதான் என்று குப்பைத் தொட்டியைச் சுற்றி பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனால், மீன் வெட்டும் இடத்துக்குப் பின்னால் குடலும் செவுளும் தேங்கும் சாக்கடை அப்படியே கிடக்கும். நம் ஊர் வெக்கையில் முட்டை ஈயாவதற்குப் பத்து நாள் போதும். அடுத்த கூட்டம் வந்துவிடும்.

கருவாட்டுக்கும் இந்தப் பச்சை ஈதான் பெரிய எதிரி. காய்ந்த மீனை அது அவ்வளவாகத் தேடாது. அப்போதுதான் விரித்த ஈர மீனின் செவுளிலும் வயிற்றைக் கீறிய இடத்திலும் கொத்தாக முட்டை வைக்கும். நெத்திலி சீக்கிரம் காய்ந்துவிடும், பயமில்லை. சதைப்பற்றான சுறாவும் பாறை மீனும்தான் மாட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். உப்பைக் கூட்டிப் போட்டு, விரித்த உடனே பழைய கொசுவலையால் மூடி, மேல் ஈரம் வற்றும் வரை அம்மா பக்கத்தை விட்டு நகரமாட்டார். எந்த ஈ என்று தெரிந்ததால்தான் எந்த நேரத்தில் காவல் இருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. மீன் மேலேயே பூச்சிமருந்து தெளிப்பவர்களும் உண்டு. அது சாப்பிடுபவர் வயிற்றில் போய்ச் சேரும் விஷம். தயவு செய்து யாரும் செய்யாதீர்கள்.

சரி, படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? வீட்டு ஈ சாம்பல் நிறம், முதுகில் நான்கு கருங்கோடுகள். அதே சாம்பல் நிறத்தில் சற்றுப் பெரிதாக, முதுகில் மூன்று கோடும் வயிற்றில் சதுரங்கக் கட்டமும் இருந்தால் அது இறைச்சி ஈ. இது முட்டைக்குப் பதில் நேராகப் புழுவையே போடும். மாட்டுக் கொட்டகைப் பக்கம் வீட்டு ஈ போலவே ஒன்று காலைக் கடிக்கும். பக்கவாட்டில் படம் எடுத்தால் அதன் வாய் ஊசியாக முன்னே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். வீட்டு ஈயால் கடிக்கவே முடியாது, அதற்கு உறிஞ்சும் பஞ்சு வாய்தான்.

பச்சை ஈக்களில்தான் குழப்பம் அதிகம். நிறத்தை நம்பக் கூடாது. வெயிலில் பச்சையாக மின்னுவது நிழலில் நீலமாகத் தெரியும். தாங்கள் போட்ட படத்தை இணையப் பதிப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். செங்கல் நிறக் கண்கள் உச்சியில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, ஆகவே ஆண். கண்ணின் மேல்பாதியில் தேன்கூடு போன்ற அறைகள் பெரிது பெரிதாக, கீழ்ப்பாதியில் பொடிப்பொடியாக, நடுவே கோடு கிழித்ததுபோல் பிரிந்திருந்தது. அதை வைத்துத்தான் மெகாசெஃபாலா என்று உறுதியாகச் சொல்கிறேன். பெண் ஈயாக இருந்தால் பக்கவாட்டுப் படம் இல்லாமல் சொல்லியிருக்க மாட்டேன். இதன் நெருங்கிய சொந்தம் கிரைசோமியா ரூஃபிஃபேசியிஸ். தோளுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மூச்சுத் துளை அதில் வெள்ளையாக இருக்கும், மெகாசெஃபாலாவில் கரும்பழுப்பு. மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. லூசிலியா என்ற இன்னொரு பச்சை ஈப் பேரினத்தில் சில இனங்களைப் பிரிக்கத் தலையின் பின்பக்க மயிர்களை எண்ண வேண்டும். சாதாரண போன் படத்தில் அது நடக்காது. அங்கே 'லூசிலியா' என்பதோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலி முதலில் காட்டும் பெயரை அப்படியே எழுதிவிடும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வளர்ந்துவருகிறது. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே படம் எடுப்பவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒரே ஈயை மேலிருந்து, பக்கத்திலிருந்து, முகத்துக்கு நேராக என்று மூன்று விதமாக எடுங்கள். விடியற்காலையில் ஈ மந்தமாக இருக்கும், கிட்டப் போனாலும் பறக்காது. முகத்தை வழுவழுப்பாக்கும் அழகு வசதியை அணைத்துவிடுங்கள், அது மயிர்களை அழித்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், கோப்பாக அனுப்புங்கள். எந்தத் தெரு, எதன் மேல் உட்கார்ந்திருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிடும்.

அப்புறம், குளவி என்று பயந்து அடிக்கப்படும் ஒரு ஈயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பாக, ஒல்லியாக, கால் நுனிகள் வெள்ளையாக, இடுப்பில் இரண்டு கண்ணாடி ஜன்னல் வைத்ததுபோல் ஒளி ஊடுருவும் இடத்தோடு இருக்கும். கறுப்புப் படைவீரன் ஈ. கொட்டாது, கடிக்காது. அதன் புழுக்கள் காய்கறிக் கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். உரத்தொட்டியில் கண்டால் விட்டுவிடுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். படக்குறிப்பைத் திருத்தி வெளியிடுங்கள். கூடவே வீட்டு ஈ, இறைச்சி ஈ, பச்சை ஈ மூன்றின் படங்களையும் பக்கம் பக்கமாகப் போட்டு, ஒவ்வொன்றும் எதில் முட்டையிடும் என்று கீழே எழுதினால் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வந்தால், காசிமேட்டில் கருவாடு போடும் அம்மாக்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை - 13